தராசும் விண்ணப்பமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நான் ஆலிம் அல்லன். மதறஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததுமே எனது கல்வி. அதற்குப் பிறகு சுங்கை பட்டாணியில் அத்தாவின் மளிகைக் கடையில் தராசு பிடிக்க நின்றவன், இன்று வரை அதே தராசுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். ஆயினும், சென்ற மாதம் இஷாவுக்குப் பிறகு நமது சங்கத்தில் கூடியிருந்தபோது நான் சொன்ன சில வார்த்தைகளை எழுதித் தரும்படி பெரியவர்கள் பணித்தார்கள். என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தைப் பற்றியது அது. நம்மில் பலர் வீட்டிலும் இன்றோ நாளையோ நடக்கக்கூடியது. ஆகையால் மறைக்காமல் எழுதுகிறேன். பிழையிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக.

என் மூத்த மகள் எஸ்.டி.பி.எம். வகுப்பில் படித்துக் கொண்டிருந்தாள். ஒரு நாள் இரவு கடையடைத்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். “அத்தா, நான் இங்கிலாந்து சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். உயிரியல் படிக்க ஆசை” என்றாள். டாக்டருக்கா என்று கேட்டேன். “இல்லை அத்தா, உயிரியல்தான். செடி கொடி, பூச்சி புழு, பிராணிகள், இவற்றின் சாஸ்திரம்” என்றாள்.

இந்தச் செய்தி வெளியே தெரிந்ததும் சொந்தக்காரர்களும் வாடிக்கைக்காரர்களும் மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பூச்சி புழுவைப் படித்துச் சோறு கிடைக்குமா என்பது முதல் கேள்வி. அந்தப் படிப்பு ஈமானைக் கெடுத்து விடாதா என்பது இரண்டாவது. பெண்பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பலாமா என்பது மூன்றாவது. நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். உண்மையில் நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

முதல் கேள்விக்கு வருவோம்.

சகோதரர்களே! நமது நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிராக் குகையில் முதன்முதலாக இறங்கிய கட்டளை என்ன? ஓதும்படி வந்த கட்டளை. அந்தக் கட்டளையை அடுத்து உடனே அல்லாஹ் எதைப் பேசுகிறான்? மனிதன் கருவறையில் ஒட்டிக் கிடந்த ஒன்றிலிருந்து படைக்கப்பட்டதைப் பேசுகிறான். ஓது என்ற சொல்லுக்கும் உயிர் உண்டான விதத்துக்கும் நடுவே வேறு எந்த விஷயமும் குறுக்கிடவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று திருமறை வேறோரிடத்தில் கேட்கிறது. தேனீக்கு ஒரு சூராவே இருக்கிறது, எறும்புக்கு ஒன்று, சிலந்திக்கு ஒன்று. அந்தச் சிலந்தியின் பெயர் கொண்ட சூரா அன்கபூத்தில், இருபதாவது ஆயத்தில், பூமியில் பிரயாணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைப் பார்க்கும்படி அல்லாஹ் ஏவுகிறான். பிரயாணமும் படைப்பின் ஆராய்ச்சியும் ஒரே ஆயத்தில் சேர்ந்து நிற்கின்றன. சீன தேசம் சென்றாயினும் கல்வி தேட வேண்டுமென்று நாம் மேடைதோறும் சொல்கிறோமே, அந்த அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் குறைவில்லை, இந்த ஆயத்து ஒன்றே போதும்.

இன்னொரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. மதீனாவில் சிலர் பேரீச்ச மரத்தின் ஆண் பாளையை எடுத்துப் பெண் பாளையில் சேர்த்துக் கொண்டிருந்தார்கள். அதில் பயன் இருக்குமென்று தாம் எண்ணவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மக்கள் அதைக் கேட்டு அவ்வேலையை விட்டு விட்டார்கள். அந்த வருஷம் விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள், தாம் சொன்னது ஓர் எண்ணம் மட்டுமே என்றும், இவ்வுலகக் காரியங்களை அவர்களே நன்கு அறிந்தவர்கள் என்றும் சொல்லி விட்டார்கள். மார்க்கத்தைப் போதிக்க வந்த தூதரே மரத்தின் காரியத்தை மரத்தை அறிந்தவர்களிடம் விட்டார்கள் என்றால், மரத்தை அறிந்தவர்கள் நமது சமுதாயத்தில் இருக்க வேண்டாமா?

இது அரபு நாட்டுப் பேரீச்ச மரத்தின் கதை மட்டுமன்று. நமது கெடா மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்களின் கதையும் இதுவே. செம்பனையில் ஆண் பாளை வேறு, பெண் பாளை வேறு. ஒரே மரத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் வருவது அருமை. அந்தக் காலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களில் தொழிலாளர்கள் ஆண் பாளையின் மகரந்தத் தூளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பாளையில் தூவ வேண்டியிருந்தது. கூலிச் செலவு அதிகம், காய்ப்பும் போதாது. அப்போது பாகிஸ்தானைச் சேர்ந்த ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் வல்லுநர், செம்பனையின் தாயகமாகிய ஆப்பிரிக்காவில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். காமரூன் நாட்டில் ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டு பாளைக்குப் பாளை தூளைச் சுமந்து போவதைக் கண்டு நிரூபித்தார். சோதனைகள் பலவும் முடிந்த பிறகு, 1981ல் அந்த வண்டுகள் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டன. அன்றிலிருந்து கையால் தூவும் வேலை ஒழிந்தது, காய்ப்பும் உயர்ந்தது. பூச்சி புழுவைப் படித்த ஒரு முஸ்லிமுடைய கல்வியினால் எத்தனை தோட்டங்கள் பயன் அடைந்தன! அந்தத் தோட்டங்களில் சம்பளம் வாங்கியவர்கள்தாமே நமது கடைகளில் அரிசி பருப்பு வாங்கினார்கள்?

அதற்கும் முந்தியது பால்மரம். 1876ல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை, 1888ல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி என்ற தாவர நூல் வல்லுநர் கண்டறிந்து பரப்பினார். பால்மரம் நடுங்கள் என்று துரைமார்களிடம் அவர் ஓயாமல் சொல்லி வந்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பைத்தியத்தின் பலனாகத்தான் கெடாவில் தோட்டங்கள் உண்டாயின. தோட்டங்கள் உண்டானதால் நம் தமிழ் மக்கள் பால் வெட்ட வந்தார்கள். அவர்கள் வந்ததால் என் பாட்டனார் இராமநாதபுரம் சீமையிலிருந்து நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு லயம் லயமாகச் சென்று விற்று, சம்பள நாளில் 555 புத்தகத்தைப் பார்த்துக் கடன் வசூலித்து, கடைசியில் ஒரு கடை வைத்தார். உயிரியல் படித்துச் சோறு கிடைக்குமா என்று கேட்கிறோம். மூன்று தலைமுறையாக நாம் தின்ற சோறு எதில் வந்தது, சகோதரர்களே?

இரண்டாவது கேள்வி ஈமானைப் பற்றியது. பரிணாமம் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுப்பார்கள், பிள்ளை மாறிவிடும் என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அது இருந்தது. ஆனால், அந்தப் பாடம் நமது நாட்டுப் பாடத்திலும் புத்தகத்திலும் கைப்பேசியிலும் ஏற்கெனவே வந்து விட்டது என்பதை நாம் மறந்து விடலாகாது. வெளிநாட்டுக்குப் போகாததால் அது தடைபடப் போவதில்லை. பிள்ளை தன் சந்தேகத்தை வீட்டில் கேட்கும்போது, வாயை மூடு என்று அதட்டுகிறோம். ஈமானுக்கு முதல் சேதம் அங்கேதான் உண்டாகிறது. நான் என் மகளை நமது ஹஜ்ரத்திடம் அழைத்துப் போய், மனத்திலுள்ளதை எல்லாம் கேட்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கேட்டாள். சிலவற்றுக்கு அவர் பதில் சொன்னார், சிலவற்றைத் தாம் கற்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். திரும்பி வரும்போது, “தெரியாததைத் தெரியாது என்று சொன்னார் அத்தா. அதனால் அவர் சொன்ன மற்றவற்றையும் நம்புகிறேன்” என்றாள். அந்தச் சொல் எனக்கு ஒரு பாடமாயிற்று.

நம் முன்னோர்கள் இக்கல்வியைக் கண்டு அஞ்சவில்லை. பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே பிராணிகளைப் பற்றிப் பல பாகங்கள் கொண்ட பெருநூல் எழுதினார். ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார் மூலிகைகளைத் தேடி வட ஆப்பிரிக்கா, எகிப்து, சிரியா என்று ஊர் ஊராகத் திரிந்து, ஏறத்தாழ 1,400 மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் வரிசைப்படுத்தி எழுதி, 1248ல் திமிஷ்கில் காலமானார். அதே திமிஷ்கைச் சேர்ந்த இப்னுந் நபீஸ், இருதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேருகிறது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அவர் மார்க்கச் சட்டம் கற்பித்த அறிஞரும்கூட. இவர்களுடைய ஆராய்ச்சி இவர்களுடைய தொழுகையைக் கெடுக்கவில்லை.

மூன்றாவது கேள்வி, பெண்பிள்ளையின் பிரயாணம். இதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடைக்காரனாகிய நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஹஜ்ரத்திடம் கேட்டேன். வழிப் பாதுகாப்பு, தங்குமிடம், அங்கேயுள்ள உறவினர், இவற்றையெல்லாம் விசாரித்து விட்டு எனக்கு வழி சொன்னார்கள். நீங்களும் உங்கள் ஹஜ்ரத்தைக் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன்னாலேயே, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற முடிவோடு போகாதீர்கள். மொராக்கோ நாட்டுப் பாஸ் நகரில் 859ல் கரவிய்யீன் பள்ளியை நிறுவியவர் பாத்திமா பிஹ்ரிய்யா என்ற பெண்மணி என்று வரலாற்றில் சொல்லி வருகிறார்கள். அப்பள்ளி நாளடைவில் பெரிய சர்வகலாசாலையாக வளர்ந்தது. அந்த அம்மையார் யார் மகள் தெரியுமா? நம்மைப்போல ஒரு வியாபாரியின் மகள். அத்தா விட்டுச் சென்ற சொத்தைக் கொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

இனி, யாரும் கேட்காத அந்த நான்காவது கேள்விக்கு வருகிறேன்.

இங்கிலாந்துக்கு விண்ணப்பம் போடுவது எப்படியென்று நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, மகள் சொல்லித்தான் தெரிந்தது. எல்லாச் சர்வகலாசாலைகளுக்கும் பொதுவாக யூகாஸ் என்ற நிலையம் ஒன்று உண்டு. அதன் மூலம் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டுக்கும் அக்டோபர் 15ஆம் தேதிக்குள் அனுப்பி விட வேண்டும். மற்றப் பெரும்பாலான இடங்களுக்கு ஜனவரி மாதத்தில் கெடு. ஆசிரியர் ஒருவர் பரிந்துரை எழுத வேண்டும். ஆங்கிலப் பரீட்சை ஒன்றும் தேற வேண்டும். இவற்றோடு, பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை கற்ற கல்வி உன்னை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே நீ செய்தது என்ன, என்பவை அவை. எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும்.

ஒரு தரகர் கடைக்கு வந்தார். அந்தப் பகுதியைத் தாமே ஆள் வைத்து எழுதித் தருவதாகவும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என் மகள் இலவசப் பாடம் நடத்தியதாகச் சேர்த்து விடலாமென்றும், கட்டணம் இவ்வளவு என்றும் சொன்னார். ஊரெல்லாம் செய்வதுதானே என்று நான் தலையசைத்தேன். மகள் ஒப்பவில்லை. “நான் செய்யாததை நான் செய்ததாக எப்படி எழுதுவது அத்தா?” என்று கேட்டாள். பிறகு அவளே உட்கார்ந்து எழுதினாள். எதைப் பற்றி எழுதினாள் தெரியுமா? நமது கடையிலுள்ள அரிசி மூட்டையைப் பற்றி! அரிசியில் வருகிற கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையைத் தானே அடைத்து விடுகிறது. புழு உள்ளேயே தின்று வளருகிறது. வெளியே பார்த்தால் மணி முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. எந்த மாதத்தில் வண்டு அதிகம், எந்த மூட்டையில் முதலில் வருகிறது, தரையில் வைத்தால் எப்படி, பலகை மேல் வைத்தால் எப்படி என்று இரண்டு வருஷம் என் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அவள் குறித்து வைத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்ததே இல்லை. செம்பனையை வாழ வைத்த வண்டும் அரிசியைக் கெடுக்கும் வண்டும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை என்பதையும் அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

அல்ஹம்துலில்லாஹ்! இரண்டு இடங்களிலிருந்து, பரீட்சையில் இன்ன தகுதி பெற்றால் இடம் தருவோம் என்று பதில் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம்.

அதன் பிறகுதான் என் சோதனை ஆரம்பமாயிற்று. வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 25,000 பவுனுக்கு மேல் கட்டணம் கேட்கும் இடங்கள் பல. அதாவது ஓராண்டுக்கே ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல். அதோடு தங்கவும் உண்ணவும் வேறு. விசா கேட்பவர்கள் கட்டணத்தையும் ஒன்பது மாதச் செலவையும் கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் பிள்ளையின் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ குறையாமல் இருக்க வேண்டும். என் சேமிப்பில் அதில் பாதிகூட இல்லை. வட்டிக்கு வாங்கச் சிலர் சொன்னார்கள், அதை மறுக்க எனக்குச் சிரமமிருக்கவில்லை. ஆனால் என் நெடுநாள் நண்பர் ஒருவர், அல்லாஹ் அவருக்கு நன்மை செய்வானாக, வேறு வழி சொன்னார். “வட்டி வேண்டாம் பாய். என் பணத்தை உங்கள் கணக்கில் போடுகிறேன். 28 நாள் முடிந்து கடுதாசி வாங்கியதும் திருப்பிக் கொடுத்து விடுங்கள். விசா கிடைத்து விடும். போன பிறகு பிள்ளை ஏதாவது வேலை பார்த்துச் சமாளித்துக் கொள்ளட்டும்” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நானும் சம்மதித்தேன். மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கும் அவ்வளவு ஆசை. காசோலையும் என் கைக்கு வந்து விட்டது.

மறுநாள் காலை பலத்த மழை. கடையின் பின்பக்கம் ஒழுகி ஓர் அரிசி மூட்டையின் ஒரு பகுதி நனைந்து விட்டது. கடைப்பையன் நான் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, ஈர அரிசியைக் கீழே தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பினான். எனக்கு வந்த கோபத்தில் அவனைப் பிடித்து உட்கார வைத்து, மதறஸாவில் கேட்ட ஹதீஸைச் சொல்லத் தொடங்கினேன். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இதென்ன என்று வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லி விட்டார்கள்.

சொல்லிக் கொண்டிருந்த வாய் பாதியில் நின்று விட்டது. சட்டைப் பையில் அந்தக் காசோலை இருந்தது.

28 நாளைக்கு மேலே பரப்பிய காய்ந்த அரிசிதானே அது? கீழேயிருக்கும் ஈரம் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால், அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றி முதப்பிபீன் சூராவில் வந்திருக்கும் எச்சரிக்கை தராசுக்கு மட்டுமா? இந்தப் பணம் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால், அதுவும் ஓர் அளவைதான். அளந்து வாங்குகிறவர் வேறு நாட்டுக்காரர், வேறு மதத்தவர் என்பதனால் குறைவாக அளக்கலாம் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? அப்படி அனுப்பினால் பிள்ளையின் கதி என்ன? அடுத்த தவணைக் கட்டணத்துக்கு அந்நிய நாட்டில் யாரிடம் போய் நிற்பாள்? கரும்பலகையைப் பார்ப்பாளா, பசியைப் பார்ப்பாளா? நான் அனுப்புவது கல்விக்கா, கஷ்டத்துக்கா? யாரும் என்னிடம் கேட்காத நான்காவது கேள்வி இதுதான்: இந்த விண்ணப்பம் ஹலாலா?

அன்று மாலையே காசோலையைத் திருப்பிக் கொடுத்தேன். நண்பருக்கு வருத்தம். என் மகளுக்கோ மனமே உடைந்து போயிற்று. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. “தரகர் எழுதுவதை வேண்டாமென்றேன், இப்போது இதுவும் போயிற்று. நேர்மையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காதா?” என்று அவள் தன் தாயிடம் சொல்லி அழுதது என் காதில் விழுந்தது. பெற்ற மகளின் கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்த இரவு முழுவதும் நான் தூங்கவில்லை.

பதிலைத் தேடித் தந்தது அவளுடைய ஆசிரியை. நான்காம் நாள் வீட்டுக்கு வந்து மூவரின் சரித்திரத்தைச் சொன்னார். கும்பகோணத்தில் 1925ல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், 1943ல் வங்காளப் பஞ்சத்தைக் கண்டு மனம் வருந்தி விவசாயக் கல்வியை நாடினார். முதலில் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் படித்தார். 1949ல் யுனெஸ்கோ உதவித் தொகையில் ஹாலந்து போய், அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று 1952ல் டாக்டர் பட்டம் பெற்றார். தலைச்சேரியில் 1897ல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் தாவர நூல் படித்து, ஆசிரியையாகவும் இருந்து, அதன் பிறகே ஆசியப் பெண்களுக்காக ஏற்பட்ட பார்பர் உதவித் தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போனார். 1931ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். சிதம்பரத்தில் 1952ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், பரோடாவில் பௌதிகம் படித்து அமெரிக்கா சென்றார். 1976ல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல்தான் வேண்டுமென்று மீண்டும் மாணவராகப் போய்க் கலிபோர்னியாவில் உட்கார்ந்தார். பிற்பாடு ஆசிரியர் வேலைக்கு ஏறத்தாழ 50 சர்வகலாசாலைகளுக்கு எழுதியும் ஓரிடமும் கிடைக்கவில்லை. அவருக்குத்தான் 2009ல் நோபல் பரிசு கிடைத்தது. மூவரும் முதல் பட்டத்தைச் சொந்த நாட்டிலேயே பெற்றவர்கள். வெளிநாடு போனது அதற்குப் பிறகு.

“இப்போது கதவு மூடவில்லை அம்மா, வாசல்தான் வேறு” என்றார் ஆசிரியை. ஆராய்ச்சிப் படிப்புக்கு வருகிற மாணவருக்குக் கட்டணத்தையும் கொடுத்து, மாதச் செலவுக்கும் கொடுக்கிற சர்வகலாசாலைகள் அமெரிக்காவில் பல உண்டென்றும், முதல் பட்டத்துக்கு அப்படிக் கிடைப்பது மிகவும் அருமையென்றும் விளக்கினார். இது எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம்.

இன்று என் மகள் பினாங்கில், 1969ல் ஏற்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக் கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் வீட்டுக்கு வந்து விடலாம். வந்ததும் முதல் வேலையாக அரிசி மூட்டையைத்தான் பார்க்கிறாள். இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் மறுபடியும் விண்ணப்பம் போடுவாள், இன்ஷா அல்லாஹ். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நேர்மையாக இருந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ரிஜ்க்கு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. தராசு மட்டுமே நம் கையில் இருக்கிறது.

கடைசியாக நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். 1951ல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும், அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரியும், 1955ல் அதிராம்பட்டினத்தில் காதர் முகைதீன் கல்லூரியும் தோன்றின. நமது சமுதாயத்தின் கொடையாளர்கள் பொருளை வழங்கி அவற்றை நிலைநாட்டினார்கள். நாம் கல்லூரி கட்ட வேண்டாம். வட்டியில்லாத அழகிய கடனாக, கர்ளு ஹஸனாவாக, ஒரு கல்வி நிதி ஏற்படுத்தலாகாதா? என் நண்பர் 28 நாளைக்குத் தர முன்வந்த பணத்தை 10 வருஷத் தவணையில் திருப்பும் கடனாக, எழுத்து மூலம், சாட்சிகளோடு தந்திருந்தால் அது உண்மையான பணமாகவே இருந்திருக்குமே! அதை அவரிடமே சொன்னேன். நிதிக்கு முதல் தொகையைத் தாமே தருவதாகச் சொல்லியிருக்கிறார், மாஷா அல்லாஹ். ஆண், பெண் என்று பாராமல், டாக்டர், வக்கீல் என்று மட்டும் பாராமல், படைப்பை ஆராய விரும்பும் பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பதையும் அப்போதே ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் இதைச் செய்யத் தவறினேன். செய்திருந்தால் என் மகள் அந்த மூன்று நாள் அழுதிருக்க மாட்டாள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. நீ படைத்தவற்றைப் பார்க்கும் கண்களையும், அவற்றில் உன்னைக் காணும் உள்ளத்தையும் அவர்களுக்கு அருள்வாயாக. எங்கள் தராசையும் எங்கள் கையெழுத்தையும் கோணாமல் காப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.